இகுகோ சென்செயின் தூக்க அறை

இகுகோ சென்செய் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. கடைக்குப் போனால் முன்வரிசை டோஃபுவைத் தொடமாட்டாள். பின்னால் கையை நுழைத்து, புதுத் தேதி போட்டதாகப் பார்த்துத்தான் எடுப்பாள். கணவர் தூண்டிலோடு கிளம்பிப் போய்த் திரும்பினால் வாளியை முகர்ந்து பார்ப்பாள். பாவம், அந்த மனிதர் உண்மையிலேயே மீன்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

நண்டுப் படகுகள் வந்து நிற்கும் அந்தத் துறைமுக ஊரில், கமோமே குழந்தைகள் காப்பகத்தில் சென்செயாக, அதாவது டீச்சராக, வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. சேர்ந்த வருஷமே, குப்புறப் படுத்துத் தூங்கிய கைக்குழந்தை ஒன்று நீலம் பாரித்துப் போனது. அவள்தான் பார்த்துத் தூக்கினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. இகுகோவின் நிம்மதி பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பகல் தூக்க நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கருகே உள்ளங்கையை நீட்டி மூச்சைப் பார்த்துக்கொண்டே சுற்றி வருவாள். எல்லாக் காப்பகத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அவள் அறையில் ஒரு பிள்ளைகூட முழித்திருக்காது. முழித்தால் அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள். தலைமாட்டில் போய் உட்கார்ந்து சும்மா பார்ப்பாள். அதுவே போதும்.

பல வருஷம் கழித்து ஒரு குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து குனிஎடா என்ற இளைஞன் வந்தான். காப்பகத்தில் பகலில் தூங்குவது பிள்ளைகளின் உடம்புக்கும் ராத்திரித் தூக்கத்துக்கும் என்ன செய்கிறது என்று ஆராய்கிறானாம். பிள்ளைகளின் கணுக்காலில் ஆளுக்கொரு பட்டை கட்டினான். வீட்டிலும் கழற்றக் கூடாது.

"கால்ல கட்டுற பட்டைக்குத் தூக்கத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாள் இகுகோ.

"அசைவை வச்சுக் கணக்குப் போடும், சென்செய்."

பகல் தூக்கத்தையே ஒழித்துக்கட்ட வந்தவன் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் முதல் வாரக் கணக்கைப் பார்த்துவிட்டு அவன் வாயைப் பிளந்தான்.

"உங்க அறை மாதிரி நான் எங்கயுமே பாத்ததில்ல. அதுலயும் அந்தத் தெத்தா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான்."

எதையும் நம்பாதவள் இதை மட்டும் நம்பினாள். புகழ்ச்சியின் வாளியை யார் முகர்ந்து பார்க்கிறார்கள்?

இடித்தது ஒன்றுதான். ஐந்து வயதுத் தெத்தா சாயங்காலத்தில் துவண்டு போனான். சிற்றுண்டி நேரத்தில் சோற்று உருண்டையை வாயில் வைத்தபடியே தூக்கத்தில் சாமியாடினான். மத்தியானம் அத்தனை தூங்குகிற பிள்ளைக்கு இதென்ன அசதி? வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினாள். அவன் அம்மா நரூமி நண்டு அவிக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை. போதாதா?

"ராத்திரி புள்ள ஒழுங்கா தூங்குறானா?" என்று வாசலில் மடக்கினாள்.

"தூங்குறானே, சென்செய். சாப்பிடும்போதே கிண்ணத்துல விழுந்துடுறான்."

"அப்புறம் எதுக்கு இப்பிடி வாடிப்போறான்?"

"நண்டு சீசனாச்சே. விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி அக்கா வீட்டுல விட்டுட்டுப் போறேன். மத்தியானம் இங்க நல்லாத் தூங்கிடுறான்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தத் தைரியத்துலதான் எழுப்புறேன்."

பட்டையின் ராத்திரிக் கணக்கும் நரூமி சொன்னதையே சொன்னது. அதுதான் இகுகோவுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. உடன் வேலை செய்யும் மிஃபுயுவைத் தனியே இழுத்தாள்.

"அசைவுதானே கணக்கு? பட்டையைக் கழட்டித் தலையணையில கட்டிட்டா அது தூங்குதுன்னுதானே எழுதும்? புள்ளைய முழிக்க விட்டுட்டு இவ எங்கயாவது குடிக்கப் போயிருப்பா."

"ஐயோ சென்செய், உங்க தலைக்குள்ள தினமும் எத்தன நாடகம்தான் ஓடுது!"

"சிரி, நல்லாச் சிரி. நாளைக்கு சாயங்காலம் நகராட்சி குழந்தைகள் நல அலுவலகத்துக்கு ஃபோன் போடப்போறேன்."

மிஃபுயுவின் சிரிப்பு நின்றது. "அவங்க வந்தா புள்ளைய அம்மாகிட்டருந்து பிரிச்சுக்கூட வச்சுடுவாங்க, சென்செய்."

"பிரிக்கட்டும். கையும் களவுமா நிரூபிச்சிட்டுத்தான் போடுவேன்."

மறுநாள் மத்தியானம் குனிஎடாவிடம் ஒரு பட்டையைக் கேட்டு வாங்கித் தன் காலில் கட்டிக்கொண்டாள். காய்ச்சலில் வராத பிள்ளை ஒன்றின் படுக்கை தெத்தாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. மேற்பார்வையை மிஃபுயுவிடம் விட்டுவிட்டு அங்கே மல்லாக்கப் படுத்தாள். தூங்காமல் அசையாமல் கிடந்து, பட்டை அதைத் தூக்கம் என்று எழுதினால் நரூமியின் குட்டு உடைந்துவிடும்.

சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இடுப்பு கடுத்தது. மூக்கு அரித்தது. கையை மெல்லத் தூக்கினாள்.

"மூக்கைச் சொறியாதீங்க, சென்செய். தெரிஞ்சுடும்."

திரும்பினாள். தெத்தா கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தான்.

"நீ தூங்கலையா?"

"எனக்கு இங்க தூக்கம் வராது." குரலை இன்னும் தாழ்த்தினான். "வயித்தை மெதுவா ஏத்தி எறக்கணும். மூக்குகிட்ட கை வந்தா மூச்சை நீளமா விடணும். கண்ணை இறுக்கி மூடக் கூடாது. லேசா மூடணும்."

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

"நானே கண்டுபிடிச்சேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்குத் தைரியம் சொன்னான். "பயப்படாதீங்க. இன்னைக்கு மிஃபுயு சென்செய்தானே. நீங்க பாக்குற அன்னைக்குத்தான் ரொம்பக் கஷ்டம்."

இகுகோவுக்குக் காது சுட்டது. இந்தப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தவளைத் தேடி நகராட்சி வரைக்கும் போக இருந்தாளே. தலையைத் தூக்கி அறையைப் பார்த்தாள். வரிசையாகப் பிள்ளைகள், ஒரே சீராக ஏறி இறங்கும் வயிறுகள். எது தூக்கம், எது நடிப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாக மூச்சு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். "தெத்தா, எழுந்திரு. தூங்க வேணாம். வா, வெளிய போய் விளையாடலாம்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்டா."

"இல்ல. நான் எழுந்திரிக்கிறேனான்னு பாக்குறீங்க."

"சத்தியமா இல்ல, கண்ணு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இறுக்காமல், லேசாக. வயிறு மெல்ல ஏறி இறங்கியது. அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். குரல் உடைந்து, மறுபடியும் கூப்பிட்டாள். அவள் கூப்பிடக் கூப்பிட, அவன் இன்னும் நன்றாகத் தூங்கினான்.