நான் வெட்டிய வாய்க்கால்

என் தாய்மாமா இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். சட்டசபை நடக்காத நாட்களில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் வயலுக்குத்தான் போக வேண்டும். மனுக் கொண்டுவருபவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பார்கள். மாமா சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு மனுவை வாங்கித் தலைப்பாகையில் செருகிக்கொள்வார். ஒருமுறை தாசில்தாருக்குப் போன மனுவில் நெல் நாற்று ஒன்று ஒட்டியிருந்ததாம்.

எங்கள் வயலும் மாமா வயலும் ஒரே வாய்க்காலில் இருந்தன. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருசம் அது. ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வாய்க்காலை வெட்டினால், வெட்டியவர் தம் அடுத்த முறையை அந்த முறைக்காரருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எம்.எல்.ஏ.வானாலும் அதுதான். எங்கள் முறைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நட்ட வயல் வெடித்துக் கிடந்தது. அப்பா மாமாவிடம் போய், தண்ணீர் பாய்ச்சுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கேட்டார்.

"முறைய மாத்தச் சொல்லாதீக மச்சான். நாலு நாளைக்குப் பயிரு தாங்கும்" என்றார் மாமா.

"ஊருக்குத்தேன் எம்மெல்லே. எங்களுக்கு என்னத்துக்கு ஆகப்போகுது?" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்த அப்பா சோற்றைத் தொடவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. யாரிடமும் வாய்திறந்து பேசாத பிள்ளை நான், யோசனையையும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அப்பா உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறியதும், என்னைவிடக் கனமான மண்வெட்டியை இழுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கரையை வெட்டிவிட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று எங்கள் வயலில் இறங்கியது. வாழைத் தோப்புக்குள் ஒளிந்து நின்று ரசித்தேன்.

அன்றைய முறை கீழ்வயல்காரருடையது. அவர் எதிர்க்கட்சி. தண்ணீர் நின்றதும் கத்திக்கொண்டே ஓடிவந்தார். சத்தம் கேட்ட மாமா அவருக்கு முன்னால் வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். பிறகு, என் கால் பதிந்திருந்த சேற்றில் தம் பெரிய காலை வைத்து நன்றாகத் தேய்த்தார். இந்த வயதிலும் மாமா சேற்றில் விளையாடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"எவன் வெட்டுனது? மச்சான் வயலுக்கு மட்டும் தண்ணி தானா நடந்து போகுமோ?" என்றார் கீழ்வயல்காரர்.

"சத்தம் போடாதீக அண்ணே. நாந்தேன் வெட்டுனேன்."

"அடேயப்பா! சட்டசபையில சட்டம் போட்டுட்டு, இங்கன வந்து வாய்க்கால வெட்டுறீகளோ?"

"தப்புத்தேன். எம்முறை நாளைக்கு. அதை நீங்க எடுத்துக்கங்க."

"எடுத்துக்கிடுறேன். ஓட்டுக் கேட்டு வருவீகள்ல, மிச்சத்த அப்பப் பேசிக்கிடுறேன்."

மாமா சிரித்துக்கொண்டே கரையை அடைத்தார். மறுநாள் அவர் முறைத் தண்ணீர் கீழ்வயலுக்குப் போயிற்று. எங்கள் முறை எங்களுக்கு ஒழுங்காக வந்தது. எங்கள் பயிர் பிழைத்தது. மாமா வயலில் பாதி காய்ந்துபோயிற்று.

அடுத்த தேர்தலில் கீழ்வயல்காரர் மைக்கைப் பிடித்து ஊர் ஊராக அந்தக் கதையைச் சொன்னார். மாமா தோற்றார். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல் மாட்டைப் பூட்டி உழப் போய்விட்டார். எங்கள் வீட்டில்தான் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கை கொப்பளிக்க வெட்டியவன் நான். ஊர் முழுக்கப் பேர் மட்டும் மாமாவுக்கா என்று எனக்கு ஆறவே இல்லை.