கயிறு கேட்டுக்கொண்டே இருந்தது

போலீஸுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றிலும் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நடந்தது இதுதான்.

மணற்பாறைச் சரிவுகளும் ஆழ்ந்த பிளவுகளும் நிறைந்த தேசியப் பூங்கா அது. நடைப்பயணம் போனது நானும் என் மனைவியின் அண்ணனும் மட்டும். செங்குத்துப் பாறையின் விளிம்பில் என் பை கைநழுவி விழுந்தது. கார் சாவி அதில்தான்.

"ஒரு பையப் பிடிக்கத் தெரியல. என் தங்கச்சிய எப்படி மாப்ள காப்பாத்துற?"

சிரித்தபடி மச்சான் கயிற்றை இடுப்பில் கட்டினார். அறுபது மீட்டர் கயிறு. பள்ளம் முப்பதுக்குமேல் இருக்காது. காற்றில் குரல் எட்டாது என்பதால் கயிற்றை இழுக்கும் சைகைகளைப் பேசி வைத்துக்கொண்டோம். ஒரு இழுப்பு என்றால் கயிறு விட வேண்டும். மூன்று என்றால் மேலே தூக்க வேண்டும். கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

3.10க்கு இறங்கினார். புடைத்த பாறைக்குக் கீழே உடனே மறைந்துவிட்டார்.

3.16. பாரம் சட்டென்று போனது.

"மச்சான்!"

பிறகு... ஒரு இழுப்பு. பாரமும் திரும்பியது. போன உயிர் வந்தது. கயிறு விட்டேன்.

3.30. மனைவி அழைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பயமா இருக்குங்க. மீட்புக் குழுவுக்குச் சொல்லவா?"

"வேணாம். உங்கண்ணன் கயிறு கேட்டுக்கிட்டே இருக்கார். நல்லாத்தான் இருக்கார்."

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு இழுப்பும் சரியாக ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது.

நாற்பது மீட்டர் விட்டாயிற்று. பாரம் இன்னும் தொங்கிக்கொண்டே இருந்தது.

தரை எங்கே?

ஐம்பது... அறுபது.

4.20. கயிறு தீர்ந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று.

தூக்கினேன். பாரமே இல்லை.

நுனி வந்தது. முடிச்சு அவிழவில்லை. வளையம் மச்சானின் இடுப்பளவே இருந்தது.

உள்ளே ஆள் இல்லை.

மீட்புக் குழு 5.40க்கு வந்தது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு பாறைத் திட்டில் கிடந்தார்.

"விழுந்து முக்கால் மணி நேரம் உயிரோட இருந்திருக்கார். உடனே கூப்பிட்டிருக்கலாமே சார்?" என்றார் மருத்துவர். விழுந்த வேகத்தில் இரண்டு மணிக்கட்டுகளும் நொறுங்கியிருந்தனவாம். ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாதாம்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பிறகு என்னுடன் பேசவில்லை.

"அப்ப யாருக்குக் கயிறு விட்டீங்க?"