இன்னும் கொஞ்சம் பின்னால

திருகோணமலையிலிருந்து அச்சுவேலி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் கணவரும் இறங்கி இறங்கிப் படம் எடுத்தோம்.

பளை தாண்டியதும் மணல்வெளியில் ஒற்றைப் பனை. அதற்கு முன்னால் அவரை நிற்க வைத்தேன்.

"பனை முழுசாத் தெரியேல்லை. இன்னும் கொஞ்சம் பின்னால போங்கோ," என்று நான்தான் சொன்னேன். போனார்.

அப்போதுதான் கைபேசித் திரையில் கண்டேன். அவர் தாண்டிப் போன புல்லுக்குள் சிவப்புப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் மண்டையோட்டுப் படம். மிதிவெடி எச்சரிக்கை.

"அசையாதேங்கோ."

படத்துக்கென்று நினைத்துச் சிரித்தார்.

"பலகையைப் பாருங்கோ. வந்த காலடியிலேயே கால் வைச்சு வாங்கோ."

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது. பதினொரு காலடி. ஒவ்வொன்றாக எண்ணினேன்.

காருக்குள் ஏறியதும் கேட்டார்: "படம் எடுத்தனீரோ?"

எடுத்த படம் இந்தப் பதிவின் கீழே இருக்கிறது. அந்தப் பனை எங்கே என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.