தையல் போட்டதைச் சொல்லாமல் நின்றேன்

இதை எழுதலாமா என்று ஏழெட்டு வருஷம் தயங்கினேன். மனைவியின் உடம்பு விஷயம், ஆண்பிள்ளை எழுதுவதா என்ற கூச்சம். அவளே "எழுதுங்க" என்றதால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன்.

எங்களுக்கு இரண்டு குழந்தைகள் ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டன, பெரிய வலிகூட இல்லாமல். மூன்றாவது முறை மைசூரு டாக்டரம்மா சொன்னார்: "கர்ப்பப்பை வாய்க்குப் பலமில்ல, பாரம் ஏறினா தானா திறந்துக்குது. மூணு மாசம் முடிஞ்சதும் சுத்தித் தையல் போட்டு இறுக்கிடலாம். ஒன்பதாம் மாசம் பிரிச்சிடுவோம். முந்தியே வலி வந்தா, தையல் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. இல்லேன்னா வாய் கிழிஞ்சிடும்." அந்தத் தையலும் நிற்காவிட்டால் அடுத்த முறை வயிற்றைத் திறந்து, வாய்க்கு மேல்பக்கமாகக் கட்டுவார்களாம். அப்படியானால் பிரசவம் சிசேரியன்தான்.

தையல் போட்டார்கள். மாதேஸ்வரன் மலைக்கு, நாங்கள் மாதப்பன் என்று கூப்பிடும் சாமியிடம், நடந்தே வருவதாக நான் வேண்டிக்கொண்டேன்.

பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அவளைத் தாய்வீடு இருக்கும் கௌதள்ளிக்கு அழைத்துப் போனார்கள். மாமியார் ஊரெல்லாம் "மாதப்பன் புண்ணியம்" என்றார். தையலைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னிடமும், "ஏனுங் மாப்ள, இது வெளிய தெரிஞ்சா எம்பட சின்னவள எவன் கட்டுவான்? வாயத் தொறந்துறாதீங்க" என்றார். தலையாட்டினேன்.

பிரிக்க வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பே வலி வந்துவிட்டது. அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன் ஆயிருக்கா?" என்றார் நர்ஸ்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் மாமியார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். நான் பேசவில்லை.

கட்டிலில் கிடந்த என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, உன்ற மானத்துக்கு எம் புள்ளையக் குடுக்க முடியாது. நர்ஸக்கா, உள்ள தையல் இருக்குதுங்க. டாக்டரம்மா குடுத்த சீட்டு அவரு பையில."

சீட்டு திருநீற்றுப் பொட்டலத்தோடு இருந்தது. வாங்கிய நர்ஸ் கேட்டார்: "ஏன் சார், பூஜை பண்ணவா வெச்சிருந்தீங்க?"

உடனே தையலை வெட்டி எடுத்தார்கள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூன்றாம் மாதம் நான் மலைக்கு நடந்தேன்.

மாமியார் சொன்ன கதையைக் கேட்டு, எங்களைப்போலவே இழந்திருந்த ஒரு பெண் வேண்டுதலை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தாள். அவளுக்கும் ஐந்தாம் மாதம் போய்விட்டது. தையல் போட்டிருந்தாலும் நின்றிருக்குமோ தெரியாது. ஆனால் அப்படி ஒன்று உண்டென்று அவளுக்கு நாங்கள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு மனசு ஆறவில்லை.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாதப்பனையும் விடாமல், தையலையும் விடாமல், நான் வாய் மூடி நின்றதையும் விடாமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.