கடைசி பெஞ்சில் இராமேஸ்வரம்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் ஆம்பூரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு பஸ்ஸிலேயே போய் வந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். அப்போது பஸ் முதலாளிகளுக்குள் ஆள் பிடிக்கிற போட்டி. ரயிலைவிடக் கம்மிக்கு ஏற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் தன் எல்லையோடு நின்றுவிடும். இறங்கி அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மண்டபம் தாண்டிக் கடல் பாலத்துக்கு மட்டும் ரயில். இந்த வழியை விசாரித்துப் பிடித்தது என் சொந்த மூளை.

கல்யாணமான புதிது. என் மனைவிக்குக் கடல் பார்க்க ஆசை. எனக்கு வேறு ஆசை. கூட்டுக் குடும்பத்தில் பகலில் அவள் பக்கத்தில் உட்காரவே முடியாது. பஸ்ஸிலாவது உட்காரலாமே என்று கிளம்பினேன்.

திருப்பத்தூரில் ஏறினால் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மனசு விட்டுப்போயிற்று. ஆனால் நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவன். அவள் அங்கேயே ஆவாரம்பட்டை இடிக்கிறவள். எங்கள் மூக்குக்குத் தெரியாத வாடை மற்றவர்களுக்குத் தெரிந்தது. பெண்கள் முகத்தைச் சுளிக்க, கண்டக்டர் கத்தினான்.

"தோல் ஷாப்பு ஆளுங்களா? ரெண்டு பேரும் கடைசி பெஞ்சுக்குப் போங்க. பேஜாரு பண்ணாதீங்க!"

அந்த பெஞ்சுக்கு வேறு ஒருவரும் வரவில்லை. அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

"இன்னாங்க, ஜமீன்தாரு மாதிரி தனி சீட்டு குட்த்துட்டாங்க!"

"பின்ன? என்னை யார்னு நெனச்ச?"

சேலம், திண்டுக்கல், மதுரை என்று ஏறின பஸ்ஸிலெல்லாம் அதே மரியாதை. என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பள்ளத்தில் பஸ் குதித்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஊர் இன்னும் தள்ளி இருக்கக்கூடாதா என்றிருந்தது.

இராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்ததும் என் கையை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். முங்கி எழுந்தோம். உடுத்தியிருந்த பழைய துணியைக் கடலிலேயே விட்டுவிடுவது அங்கே வழக்கம். விட்டோம். புதுத்துணி கட்டிக்கொண்டு திரும்பினோம்.

மண்டபத்தில் பஸ் ஏறியபோது ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. அவளை முன்னால் பெண்களுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். நான் பின்னால் ஆண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புதுச் சேலையின் முந்தானையை முகர்ந்து பார்த்து, வாடை இல்லை என்று தலையை ஆட்டினாள். ஊர் வரைக்கும் அப்படித்தான் வந்தோம்.

பிறகு பிள்ளைகள், வியாபாரம். நானே ஒரு தோல் ஷாப்பு வைத்தேன், காரும் வாங்கினேன். அதில் ஏற்றிக்கொண்டு போக அவள் இல்லை. பின் சீட்டு முழுக்க எனக்குத்தான். நடுவில் தாராளமாக உட்காரச் சொல்லி டிரைவர் எத்தனை சொன்னாலும் ஓரமாகத்தான் உட்காருகிறேன்.