காலிலிருந்து தொடங்குபவர்

காலிலிருந்துதான் தொடங்குகிறார் லிடியா. படுதாவைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, அதன்மேலேயே ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்து, முதலில் இரண்டு பாதங்களை வரைகிறார். பிறகு கணுக்கால், சேலையின் ஓரம், இடுப்பு, கைகள். முகம் கடைசி. "காலு சரியா நின்னுடுச்சின்னா ஆளு தானா வந்து நிப்பாங்க" என்கிறார். குழைத்த நிறத்தை இடது முழங்கைக்குக் கீழே பூசி வெயிலில் காட்டிப் பார்த்த பிறகுதான் தூரிகையில் எடுப்பார். அந்தக் கை எந்நேரமும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். நான் பார்த்த அன்று ரோஜா நிறம். உப்பு விளைவதற்குச் சற்று முன்னால் மரக்காணத்து உப்புப் பாத்திகளில் தண்ணீர் ஒரு நிறத்துக்கு மாறுமே, அந்த நிறம்.

வெயில் காலம் முழுவதும் உப்பளத்தில் கூலி வேலை. மழை பிடித்துவிட்டால் கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவர், மாதா கோயில் நாடகத்துக்குப் படுதா. யாரிடமும் போய்க் கற்றதில்லை. கோயிலின் பழைய படுதாக்களை வருடம் ஒருமுறை வெயிலில் உலர்த்துவார்கள். அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்து, சாயம் எங்கே அடர்த்தி, எங்கே தண்ணீர் என்று விரலால் தடவிப் பார்த்தே பழகியவர். பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். என்னிடம் அவர் முதலில் கேட்டது, "செருப்பு கடிக்குதுங்களா?" கடித்துக்கொண்டுதான் இருந்தது.

அவர் வரையும் மாதாவின் குதிகாலில் வெடிப்பு இருக்கும். திருவிழாக் கமிட்டித் தலைவர் பெஞ்சமினுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, மாதாவுக்கு எதுக்கு உப்பளத்துக் காலு?"

"பைபிள்ல எலிசபெத்தம்மாவப் பாக்க மலை ஏறிப் போனவங்கதானண்ணே. ஆட்டோலயா போனாங்க?"

வெடிப்பு அப்படியே இருந்துவிட்டது.

லிடியாவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை. பருவம் தொடங்கும்போது உப்புப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, தாங்கள் மிதித்த தடத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்வார்கள். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே இடம் விடக் கூடாது. விட்ட இடத்தில் தண்ணீர் தரைக்குள் இறங்கிவிடும். ஓரத்தில் நிற்கும் அருள்மேரி "ஒட்டி மிதி" என்பார். வரிசை "விடாம மிதி" என்று திருப்பிச் சொல்லும். இந்தப் பெண்களை மாதா திருவிழாவில், ஊர் பார்க்க ஆட வைக்க வேண்டும் என்பதுதான் லிடியாவின் ஆசை.

முதல் முறை அதை அவரே கெடுத்துக்கொண்டார். மேடை என்றதும் பயந்து, பட்டுச் சேலை கட்டவைத்து, பூச்சூட்டி, பதிவு செய்த பாட்டுக்குக் கும்மி பழக்கிவிட்டார். திருவிழா அன்று பாதிப் பாட்டில் ஸ்பீக்கர் நின்றுபோனது. கூட்டம் சலசலத்தது. எப்படியாவது சமாளிக்க வேண்டுமே என்று அருள்மேரி தனக்குத் தெரிந்த ஒன்றைச் சத்தமாகச் சொன்னார்: "ஒட்டி மிதி."

அவ்வளவுதான். அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள் பின்னோக்கி நகரத் தொடங்கின. கும்மி வட்டம் வரிசையாகி, வரிசை ஒழுங்காக, ஒரே தாளத்தில், பின்னால் தொங்கிய மாதா படுதாவில் போய் மோதியது. மூங்கில் சட்டத்தோடு மாதா அவர்கள்மேல் சரிந்தார். மைக் செட்காரர் பக்தவச்சலத்துக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து மைக் வேலை செய்தது. "படத்துக்குள்ளயே போயிட்டாங்கப்பா" என்றார்.

ஊர் சிரித்து அடங்க மாதக்கணக்கானது. அந்தப் பெண்களுக்கு 'ரிவர்ஸ் கியர்' என்று பெயர் விழுந்தது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் பின்னாலிருந்து யாராவது லாரி மாதிரி 'பீப் பீப்' என்பார்கள். கிழிந்த படுதாவை லிடியா தைத்து மடித்து வைத்தார். தையல் மாதாவின் முழங்காலுக்குக் குறுக்கே ஓடியது.

தை பிறந்ததும் பாத்தி மிதிக்கப் போனார்கள். பாதி வேலையில் லிடியா சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை.

"இன்னாடி இளிக்கிற?" என்றார் அருள்மேரி.

"நம்ம காலு அன்னிக்கி வேலைக்கிப் போயிடுச்சிக்கா. நாமதான் பட்டுச்சேல கட்டிக்கினு மேடைல நின்னுட்டோம்."

"திரும்ப மேடைல ஏறுன்னா கூனிமேட்டுக்கு ஓடிப்போயிடுவேன், சொல்லிட்டேன்."

"ஏற வாணாம். இப்ப பண்றியே, இத மட்டும் பண்ணு."

லிடியா போய்க் கேட்டபோது பெஞ்சமின் இழுத்தார். "ஜனங்களுக்கு முதுகக் காட்டிக்கினு ஆடுறது நல்லா இருக்குமா?"

"கோயில்ல இருந்து வரும்போது மாதாவுக்கு முதுகக் காட்டாமதானண்ணே பின்னால நடந்து வர்றோம்?"

பெஞ்சமின் பாதி மனதோடு தலையாட்டினார். "சரி. இந்த வாட்டியும் சிரிப்பாச்சின்னா அடுத்த வருஷத்துல இருந்து அந்த நேரம் பாட்டுக் கச்சேரிக்கு. அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

லிடியாவுக்கு அந்த நேரம் போவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இன்னொரு முறை சிரிப்புக் கேட்டால் இந்தப் பெண்கள் எதற்குமே முன்னால் வந்து நிற்க மாட்டார்கள்.

திருவிழா மாலை. தேர் கிளம்பும் முன் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். லிடியா டேங்கர்காரரிடம் சொல்லி மைதானத்தைச் சேறாகவே ஆக்கிவிட்டார். மேடையில் ஒருவரும் இல்லை. தைத்த படுதா மட்டும் தொங்கியது. அதன் முன்னால், தரையில், உப்பளத்துக்குக் கட்டிப்போகும் அதே சேலைகளை முழங்கால்வரை தூக்கிச் செருகியபடி பெண்கள் மாதாவைப் பார்த்து நின்றார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் எங்கோ ஒரு 'பீப் பீப்'. அருள்மேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். லிடியா ஓரத்தில் நின்று, உப்பு வாரும் பலகையின் காம்பைத் தரையில் ஒருமுறை தட்டினார்.

"ஒட்டி மிதி."

அருள்மேரியின் குரல் உடைந்துதான் வந்தது. வரிசை பதில் சொன்னது. கால்கள் சேற்றில் இறங்கி ஒரே சத்தமாக எழுந்தன. மாதாவை விட்டுக் கண்ணெடுக்காமல், ஒரு முதுகுச் சுவர் ஜனங்களை நோக்கி நகர்ந்து வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த வரிசையும் எழுந்தது. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவுக்கு முதுகக் காட்டாம வருதுங்க பாரு" என்றார். அவர் பக்கத்திலிருந்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் ஓரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். பிறகு இன்னொருவர். வரிசை மைதானத்தின் அகலத்துக்கு நீண்டது.

நடுவில் பக்தவச்சலத்தின் மேசை. அவர் இரண்டு முறை "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. மேசையை இழுத்து ஓரம் தள்ளினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, மைக்கைக் கையில் எடுத்துக் குனிந்து, அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் பிடித்தார். மிதிக்கும் சத்தம் ஸ்பீக்கர் வழியாக ஈ.சி.ஆர். சாலை வரைக்கும் போயிற்று. பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

மைதானத்தின் மறுகோடியிலிருந்த கொடிமரத்தில் முதுகு தொட்டதும் வரிசை நின்றது. பிறகு விசில், கைதட்டல், கோயில் மணி எல்லாம் ஒன்றாக. அருள்மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அடுத்த வருஷமும் இவங்கதான்" என்று பெஞ்சமின் மைக்கில் சொல்லிவிட்டு, பொன்னாடையை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்து லிடியாவைத் தேடினார்.

லிடியா மைதானத்தின் நடுவில் இருந்தார். மேடையிலிருந்து கொடிமரம்வரை பதிந்து கிடந்த தடங்களை, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்றார். இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு பாதம் அளவுக்கு மண் மேடாகத் தெரிந்தது. சேலையைச் சற்றுத் தூக்கி, இடது காலை அங்கே வைத்து, குதிகால் பதியும்வரை மெதுவாக அழுத்தினார்.