ஓடைக்கரை இதிரின் பேர்ப் புத்தகம்

ஷிஃபராவ் என்றால் எங்கள் மொழியில் ‘ஆயிரம் பேர் அஞ்சினார்கள்’ என்று பொருள். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர். தண்ணீர் இலாகாவில் முப்பது வருஷம் வீடு வீடாக மீட்டர் குறித்துக்கொண்டு நடந்த அந்த மனிதரைக் கண்டு நாய்கூட அஞ்சியதில்லை. அவர் கணுக்காலில் உள்ள மூன்று கடித் தழும்புகளே அதற்குச் சாட்சி. ஆனால் பச்சை அட்டை போட்ட அந்தப் புத்தகம் அவர் கையில் ஏறிவிட்டால் ஓடைக்கரைப் பேட்டை மொத்தமும் அஞ்சும். அது இதிரின் பேர்ப் புத்தகம்.

அடிஸ் அபாபாவில் இதிர் இல்லாத பேட்டை கிடையாது. கல்யாணத்துக்கு வராதவனை நாங்கள் மன்னிப்போம், சாவுக்கு வராதவனை மன்னிக்க மாட்டோம். அதற்கென்றே ஏற்பட்ட சங்கம்தான் இதிர். பேட்டையில் ஒருவர் கண்ணை மூடினால், விடியும் முன்னே ஊதுகுழல்காரர் சந்து சந்தாக ஊதி இன்னார் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டு போவார். கூடாரம், பெஞ்சு, அண்டா, தட்டு எல்லாம் சங்கத்துடையவை. அடக்கம் முடிந்ததும் சங்கத்தின் தலைவர் புத்தகத்தைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் ‘அபேத்’ என்று குரல் கொடுக்க வேண்டும். ‘வந்தேன்’, ‘சொல்லுங்கள்’ இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடக்கம். மூன்று சாவுக்குக் குரல் வராவிட்டால் பேரைக் கோடு கிழித்து அடித்துவிடுவார்கள். பேர் அடிக்கப்பட்டவன் செத்தால் அவனைத் தூக்க அவன் பிள்ளைகள்தான் ஆள் தேட வேண்டும்.

ஷிஃபராவ் இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் வசவுக்குக் குறைவில்லை. அவர் சொந்த மனைவியை அடக்கம் செய்த அன்றும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர்தான் பேர் கூப்பிட்டார். கடைசிப் பேர் முடிந்து அட்டையை மூடியபோது, ரொட்டிக்கடை தாரிக்கு அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு “அபேத்! அபேத்!” என்று ஓடிவந்தான்.

“புத்தகம் மூடியாச்சு” என்றார் ஷிஃபராவ்.

“காஷே, இதோ நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?” அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டால் இளகுவார் என்று நினைத்தான்.

“நீ நிக்கிறது தெரியுது. புத்தகத்துல நிக்கலையே.”

தாரிக்கு அன்று ஏசியதை எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் அவன் தாமதமாக வந்ததில்லை.

அப்படிப்பட்ட பேட்டையில் ஒருநாள் சுவர்களில் சிவப்புச் சாயக் குறி விழுந்தது. அகலமான சாலை வருகிறது என்றார்கள். நாலே மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடும் தரைமட்டம். வீட்டுப் பத்திரம் இருந்தவர்களுக்கு நகரத்தின் மூன்று ஓரங்களில் அடுக்குமாடி கிடைத்தது. குடிக்கூலிக்கு இருந்தவர்கள் அவரவர் பாடு. அமரெச் குடிக்கூலிக்கு இருந்தவள்.

அமரெச்சுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. புளித்த மாவில் இஞ்சேரா அடை சுட்டு விற்றுப் பிழைத்தாள். பேட்டையில் யார் செத்தாலும் அவித்த கோதுமையும் கடலையும் கலந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்குவது அவள்தான். புத்தகத்தில் பதினேழாம் பேர். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சாவுக்குக்கூட அவள் ‘அபேத்’ தவறியதில்லை. வீடுகளை இடித்த அன்று, தேவாலயத்துக்குப் பக்கத்து மாவு மில்லின் பின்னறைக்குப் படுக்கையைத் தூக்கிப்போகும் வழியில் ஷிஃபராவை நிறுத்தினாள்.

“ஊரெல்லாத்துக்கும் அழுதிருக்கேன். நான் போனா என் பெட்டிக்குப் பின்னாடி பேட்டை வருமா, வராதா?”

“வரும். அமரெச் சாகட்டும், வரும்!” எங்கள் ஊரில் சத்தியம் அப்படித்தான், யார்மேல் பிரியமோ அவர் சாவின் மேல் செய்வோம்.

அவள் சிரித்துவிட்டாள். “நான் செத்த பிறகு நடக்க வேண்டிய காரியத்துக்கு என் சாவு மேலேயே சத்தியமா? நல்லா இருக்கே! உன் பேர்ல பண்ணு.”

“ஷிஃபராவ் சாகட்டும். பேட்டை வரும். நான் கூட்டிட்டு வரேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, ஆள் குறைந்துகொண்டே வந்தது. இடித்த பிறகு நடந்த முதல் அடக்கத்துக்கு எழுபது குரல் வந்தது. அடுத்ததற்கு நாற்பது. போன தவக்காலத்தில் ஒரு கிழவரை அடக்கியபோது ஒன்பது பேர் இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறி அடுக்குமாடிகளுக்குப் போய்க் கதவு கதவாகத் தட்டினார் ஷிஃபராவ். சிலர் காபி கொடுத்தார்கள், சிலர் இங்கேயே புது இதிரில் சேர்ந்துவிட்டோம் என்றார்கள். “அங்க சேருங்க, வேண்டாம்னு சொல்லலை. அமரெச்சுக்கு மட்டும் ஒரு தடவை வந்துடுங்க” என்று கெஞ்சினார். உயிரோடு நடமாடுகிற ஒருத்தியின் சாவுக்கு முன்கூட்டியே ஆள் சேர்க்கிறாரே என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவருக்கு வேண்டியது ஆள்.

மழைக்காலத்தின் நடுவில் அமரெச் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். செய்தி சாயங்காலம் வந்தது. ஷிஃபராவும் ஊதுகுழல்கார பால்ச்சாவும் ஷிஃபராவின் மகள் மஹ்லெத்தின் ஓரறை வீட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். காலையில் பிணத்தை வாங்க வேண்டும். அதற்கு உச்சிப்பொழுது ஆகிவிடும். அதனால் அடக்கம் ஒன்பது மணிக்கு என்று முடிவு செய்தார்கள். விடியலிலிருந்து மணி எண்ணுகிறவர்கள் நாங்கள். ஒன்பது மணி என்றால் பிற்பகல் வெயில் சாயும் நேரம்.

“ஒரு நாள் தள்ளிப் போடுங்க காஷே” என்றான் பால்ச்சா. “மூணு அடுக்குமாடிக்கும் நானே போய் ஊதி, வாயால சொல்லிட்டு வரேன். வாயால சொன்னாத்தான் சாவு.”

“மழைக்காலத்துல பிணத்தை வச்சுக்கிட்டு நீ ஊர்வலம் போறியா? இப்போ எல்லாருக்கும் போன்ல செய்தி போகும். மஹ்லெத், போடும்மா.”

மஹ்லெத் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள், கால் வீங்கியிருந்தது. ஷிஃபராவ் சொல்லச் சொல்லத் தட்டினாள். அனுப்பும் முன் போனை நீட்டினாள். “ஒரு தடவை படிச்சுப் பாருங்கப்பா.”

“கண்ணாடி எங்கே வச்சேனோ. நீ படிச்சவ, நீ போட்டா சரி. அனுப்பு.”

செய்தி போன கையோடு கரண்ட் போயிற்று. விடியும்போது மஹ்லெத் வேலைக்குப் போய்விட்டிருந்தாள், ஷிஃபராவின் போனும் செத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் பிணவறைக் குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல் கேட்டான். “உறவு?”

“இதிர்.”

“உறவுன்னா அண்ணன், தம்பி, மகன், மகள்.”

“அவளுக்கு நூத்திப் பன்னெண்டு வீடு உறவு தம்பி.”

“சந்தோஷம். அதுல ஒருத்தரை ரத்த உறவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

ஷிஃபராவ் வாழ்நாளில் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. பச்சைப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார், முப்பத்தொரு வருஷத்து வருகைக் குறிகளைக் காட்டினார், சங்கத்து முத்திரையைக் காட்டினார். கடைசியில் கையைக் கூப்பிக்கொண்டு அழுதேவிட்டார். “ராஜா, பேட்டை மொத்தமும் அங்க வந்து நிக்கும். பொணம் இல்லாம நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?” நாலு மணி நேரம் கழித்துக் குமாஸ்தா சலித்துப்போய், “எங்கம்மாவையும் இதிர்தான் தூக்கிச்சு. எடுத்துட்டுப் போங்க” என்றான்.

வாடகை வண்டியில் பெட்டியை ஏற்றி, சேற்றில் இரண்டு தடவை சிக்கி, ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் தேவாலயத்தை அடைந்தார்கள். முற்றத்தில் ஒருவரும் இல்லை.

“சீக்கிரம் வந்துட்டோம்” என்றார் ஷிஃபராவ்.

கூடாரத்தை இறக்கினார்கள். இருபது ஆள் சேர்ந்து தூக்குகிற கூடாரம் அது. ஷிஃபராவ் ஒரு மூலையைத் தூக்கினால் பால்ச்சாவின் மூலை விழுந்தது. பால்ச்சா தூக்கினால் நடுக்கம்பு சாய்ந்தது. பிற்பகலில்தான் வந்து குழி வெட்டியவர்கள் இரக்கப்பட்டுக் கை கொடுத்தும் அரைக் கூடாரம்தான் நின்றது. அப்போதுதான் வெளியூரிலிருந்து திரும்பிய பாதிரியார் குடைக்கடியில் நின்று வானத்தைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம், அபா. தூரத்துல இருந்து வராங்க. பஸ் கிடைச்சிருக்காது.”

பால்ச்சா வாசலுக்குப் போய், பேட்டை இருந்த பக்கம் பார்த்து ஊதினான். எதிரே செம்மண் மேடும் ஜல்லிக் குவியலும்தான். முன்பானால் அந்தச் சத்தத்துக்கு நூறு கதவு திறக்கும். மூச்சு வாங்கும்வரை ஊதினான். ஜல்லிக் குவியலில் நின்ற ஒரு கழுதை மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தது.

பத்து மணிவரை பாதிரியார் பொறுத்தார். அதற்கு மேல் முடியாது என்றார். குழி வெட்டியவர்களில் இருவரும் ஷிஃபராவும் பால்ச்சாவும் பெட்டியைத் தூக்கினார்கள். ஊரெல்லாத்துக்கும் நெஞ்சில் அறைந்து அழுத அமரெச்சுக்கு அழ ஒரு பெண்குரல் இல்லை. ஷிஃபராவ்தான் வாய்விட்டுக் கதறினார். வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

மண் மூடியதும் புத்தகத்தைப் பிரித்தார்.

“வேண்டாம் காஷே” என்றான் பால்ச்சா.

“முறைன்னா முறை.”

நூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்குப் பின்னும் வழக்கம்போல நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் மழைத்தூறல் சத்தம்தான் கேட்டது. தாரிக்குகூட இல்லை. பதினேழாம் பேரைப் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். “அமரெச்!”

“அவ மட்டும்தான் வந்திருக்கா” என்றான் பால்ச்சா.

ஷிஃபராவ் மற்ற ஒவ்வொரு பேருக்கும் எதிரே ‘வரவில்லை’ என்று குறித்து அட்டையை மூடினார். பிறகு ஈரக் கல்லில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷமாகத் தான் செய்ததெல்லாம் எதற்கு என்று யோசித்தார். வந்தவர்கள் பேரை அடித்துவிடுவார்கள் என்று பயந்து வந்தார்களா, செத்தவர்மேல் பாசத்தில் வந்தார்களா? பயம் போனதும் பேட்டை போய்விட்டதே. ஒருத்தருக்காவது, அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒரே ஒருத்தருக்காவது, அவள் அவித்த கோதுமை ஞாபகம் வரவில்லையா? பாழாய்ப் போகட்டும் என்று சபித்தார். அவர் வாயில் சாபம் வந்து யாரும் கேட்டதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தேவாலயக் காவல்காரன் வந்தான். உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குப் போய் இராக்காவலுக்குத் திரும்பியவன்.

“ஷிஃபராவ்ங்கறது நீங்களா? நல்ல ஆளு போங்க! காலைல இருந்து எங்கே போயிருந்தீங்க?”

“எதுக்கு?”

“எதுக்கா? கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்! மூணு மணிக்கே வந்துட்டாங்க. கொட்டுற மழைல சால்வைக் கரையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு நின்னாங்க. ஒருத்தன் கூடை நிறைய ரொட்டி கொண்டுவந்தான். பொம்பளைங்க பொணம் வராமலே அழுது தீர்த்துட்டாங்க. உங்களுக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஏழு மணிக்கு மேலதான் கலைஞ்சாங்க. இடம் மாறிடுச்சோன்னு அடுத்த கோயிலைப் பார்க்கப் பாதிப் பேரு போனாங்க.”

“மூணு மணியா? நான் ஒன்பதுன்னுதானே...” அப்போதுதான் ஷிஃபராவுக்கு மகளின் ஹோட்டல் நினைவுக்கு வந்தது.

மஹ்லெத்தின் ஹோட்டல் கடிகாரம் வெளிநாட்டுக் கடிகாரம். அது எங்கள் மணிக்கு ஆறு மணி தள்ளி ஓடும். எங்கள் ஒன்பது அதற்கு மூன்று. நாளெல்லாம் நின்று களைத்தவள் பழக்கத்தில் மூன்று என்று தட்டியிருக்கிறாள். பேட்டைக்காரர்கள் நம் தலைவர் சொல்லும் மணி நம் மணிதானே என்று காலையிலேயே, விடிந்து மூன்று மணிக்கே வந்து நின்றுவிட்டார்கள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

“இதைக் கொடுக்கச் சொன்னாங்க” என்று காவல்காரன் நனைந்த காகிதம் ஒன்றை நீட்டினான்.

ஷிஃபராவ் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘சொன்னபடி மூன்று மணிக்கு வந்தோம். அமரெச் வரவில்லை. தலைவர் இல்லாததால் நாங்களே பேர் கூப்பிட்டுக்கொண்டோம்.’ கீழே பேர்கள். தொண்ணூற்றாறு பேர்கள். மை கரைந்தவை, கோணல்மாணலானவை, கையெழுத்துத் தெரியாதவர்களின் கைநாட்டுகள். புது இதிரில் சேர்ந்துவிட்டோம் என்று கதவைச் சாத்தியவர்களின் பேரும் இருந்தது. முதல் பேர் ரொட்டிக்கடை தாரிக்கு. கடைசி வரி தாரிக்குவின் கையெழுத்திலேயே, முறைப்படி கோடு கிழித்து எழுதியிருந்தது.

‘வராத தலைவர்: ஷிஃபராவ்.’

ஷிஃபராவ் எழுந்தார். புது மண்மேட்டின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார்.

“அபேத்” என்றார். பிறகு பேட்டை இருந்த பக்கம் திரும்பி உரக்க, “அபேத்! அபேத்!”

பால்ச்சா அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, பச்சை அட்டைக்குள் வைத்தான்.

“புத்தகம் மூடியாச்சு, காஷே” என்றான்.